கடலை இலையில் புள்ளியா? மருந்தைத் தேடும் முன் இலையைத் திருப்புங்கள்

வாரத்துக்கு ஒன்றிரண்டு படங்களாவது என் கைப்பேசிக்கு வந்துவிடும். பச்சை இலை, அதில் பழுப்புப் புள்ளி, கீழே ஒரே கேள்வி: "அண்ணே, இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" நானும் ஒரே பதிலைத்தான் அனுப்புவேன்: "இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை எடுத்து அனுப்புங்க." பாதிப் பேர் அதோடு மறைந்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு மருந்தே தேவைப்படாமல் போவதும் உண்டு.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் இயந்திரங்களுக்குப் பழுது பார்த்தவன் நான். சிவப்பு விளக்கு எரிகிறது என்பதற்காக அங்கே யாரும் கையில் கிடைத்த உதிரிபாகத்தை மாற்ற மாட்டார்கள். எந்த விளக்கு, எப்போது எரிந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே பின்னால் போவோம். ஓய்வு பெற்ற பிறகு சுங்கை பாக்காப் பக்கம் உறவினர் நிலத்தில் ஆறு பாத்தி கடலை போட்டேன். முதல் வருடம் தொழிற்சாலையில் படித்த பாடத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனேன் போலிருக்கிறது. செப்டம்பரில் விதைத்தேன். சாயங்காலம் வேலை முடிந்தமாதிரி ஒரு சுகத்தோடு ரப்பர் குழாயில் இலை மேலேயே தண்ணீர் பீய்ச்சினேன். புள்ளி வந்ததும் ஒரு கடையில் பொட்டலம் பிரித்துக் கட்டிக் கொடுத்த, பெயரே இல்லாத தூளை வாங்கி அடித்தேன். எண்பதாம் நாள் குச்சி மட்டும் நின்றது. செடியைப் பிடித்து இழுத்தால் செடி வந்தது, காய் வரவில்லை. விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயைத் தாங்கும் காம்பு) அழுகி, காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு அந்த மாதம் திருவிழா.

இது பெரிய தோட்டக்காரர்களுக்கான குறிப்பு இல்லை. வீட்டுக்குப் பின்னால், தமிழ்ப்பள்ளித் தோட்டத்தில், நிபோங் திபால் பக்கம் செம்பனைக்கு நடுவே கிடைத்த துண்டு நிலத்தில் கடலை, எள், சூரியகாந்தி போடுகிறவர்களுக்கானது. அளவுகளில் பல, கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அங்குள்ள விவசாயிகளுக்குச் சொல்பவை. ஆனால் அங்கே மழைக்கு ஏங்கும் பயிர் கடலை. பினாங்கிலோ ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை. அங்கே சொல்வதை இங்கே அப்படியே செய்தால் பாதிதான் பலிக்கும். எங்கே மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் மூன்று சோதனை

எந்த நோயானாலும் இவற்றை முடிக்காமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஐந்து நிமிடம் போதும்.

ஒன்று, எந்த அடுக்கில் ஆரம்பித்தது? அடியிலுள்ள முதிர்ந்த இலையிலா, நுனிக் குருத்திலா? பூஞ்சை இலைப்புள்ளி அநேகமாக அடியிலிருந்துதான் ஏறும். குருத்திலேயே கோளாறு என்றால் பூச்சியையோ வைரஸையோ சத்துக் குறைவையோ முதலில் சந்தேகப்படுங்கள்.

இரண்டு, அடிப்பக்கத்தில் என்ன இருக்கிறது? கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை டிஷ்யூ தாளால் அடிப்பக்கத்தை ஒரு முறை துடையுங்கள். தாளில் ஒட்டியது ஆரஞ்சுப் பொடியா, கறுப்பா, ஒன்றுமே இல்லையா?

மூன்று, கெட்டுப்போன இலை கொட்டுகிறதா, காய்ந்தும் ஒட்டிக்கொண்டே நிற்கிறதா? கடலையில் இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

கடலை: அடியிலைகளில் வட்டப் புள்ளி, இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது

இதுதான் டிக்கா. இந்தியில் டிக்கா என்றால் பொட்டு. பொருத்தமான பெயர்தான், இலை முழுக்கப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். எனக்கு வரும் படங்களில் பத்துக்கு ஆறேழு இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசலாம்.

டிக்காவில் இரண்டு உண்டு, இரண்டுக்கும் காரணம் வேறு வேறு பூஞ்சை. முன்பருவ இலைப்புள்ளி விதைத்து ஒரு மாதம் ஆனதிலிருந்தே தலைகாட்டும். புள்ளி பழுப்பு, சுற்றிலும் தெளிவான மஞ்சள் வளையம், அடிப்பக்கம் பார்த்தால் வெளிர்ந்த பழுப்பு. பூஞ்சையைப் பரப்பும் நுண்துகள்களான வித்துகள் பெரும்பாலும் மேல்பக்கத்தில் உருவாகும். பின்பருவ இலைப்புள்ளி ஏறக்குறைய இரண்டாம் மாதக் கடைசியில் வரும். புள்ளி சிறியது, நல்ல வட்டம், மஞ்சள் வளையம் மங்கலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. திருப்பினால் அடிப்பக்கம் கரியைத் தொட்டு வைத்த மாதிரி கறுப்பு. அதில் சின்னச் சின்ன முண்டுகள் வளையம் வளையமாகத் தெரியும். அடிப்பக்கம்தான் இதன் வித்துத் தொழிற்சாலை. மேலாக மருந்து தெளித்துவிட்டு "அடிச்சேன்ணே, கேக்கலை" என்பவர்களின் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வித்து இலையில் விழுந்து முளைத்து உள்ளே புகுந்த பிறகு, புள்ளி வெளியே தெரிய 10 முதல் 14 நாள் ஆகும். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் புள்ளி இரண்டு வாரத்துக்கு முந்தைய மழையின் கணக்கு. இன்று என்ன தெளித்தாலும் அந்தப் புள்ளி மறையாது. "அடித்தும் புள்ளி அப்படியே இருக்கே" என்று மூன்றாம் நாள் பதறி வேறு மருந்துக்குத் தாவாதீர்கள். தெளித்த நாளில் நுனியிலிருந்த இலைக்கு ஒரு நூல் கட்டி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நூலுக்கு மேலே வந்த இலைகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

இந்தப் பூஞ்சை இலைக்குள் புக, இலை நீண்ட நேரம் ஈரமாக இருக்க வேண்டும், சூடு 25 முதல் 30 பாகை செல்சியஸ் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். சூட்டை நாம் மாற்ற முடியாது, செபராங் பிறையில் ஆண்டு முழுக்க அதுதான். மாற்றக்கூடியது ஈரம் நிற்கும் நேரம் ஒன்றுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு இலையை நனைத்தால் மறுநாள் காலை ஒன்பது மணிவரை காயாது. நாமே பதினைந்து மணி நேரம் பூஞ்சைக்குப் படுக்கை விரித்துக் கொடுக்கிறோம். காலையில், வேர்ப் பக்கமாக மட்டும் தண்ணீர் விடுங்கள். இது ஒன்றை மாற்றியதிலேயே என் இரண்டாவது வருடக் கடலை வேறு செடி மாதிரி நின்றது.

அடுத்து இடைவெளி. தமிழ்நாட்டில் வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்பார்கள். இங்கே நான் 45-க்கு 15 விடுகிறேன். செடி எண்ணிக்கை குறையும், காற்று நடுவில் புகுந்து போகும். பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறித்துத்தான் பழைய சருகிலுள்ள வித்து அடியிலைக்கு ஏறுகிறது என்பதால், கெப்பாலா பத்தாஸ் வயல் பக்கம் கிடைக்கும் வைக்கோலை மெல்லியதாகப் பரப்பலாம். மெல்லியதாக என்பதை மறக்காதீர்கள். பூத்த பிறகு விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டும், மெத்தை போட்டால் இறங்காது.

இனி, செடியின் வயதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விதைத்து 45 நாளுக்குள் என்றால் புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள். காலைப் பனி காய்ந்த பிறகு செய்யுங்கள். ஈரத்தில் உரசிக்கொண்டு நடந்தால் நம் கால்சட்டையே நோயைச் செடி செடியாகக் கொண்டுபோகும். அதோடு எருக்கிலைச் சாறு. 100 கிராம் எருக்கிலையை அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அன்றே தெளித்துவிட வேண்டும். பத்து விழுக்காடு எருக்கிலைச் சாறு இலைப்புள்ளிக்கும் துருவுக்கும் உதவும் என்பது கோவைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. பினாங்குக் கடலோர மணலில் எருக்கு தானாகவே முளைத்துக் கிடக்கிறது. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். கோயிலில் பிள்ளையாருக்கென்று வளர்க்கும் எருக்கைக் கேட்காமல் பறித்து நான் வாங்கிய பேச்சு தனிக் கதை.

45-க்கும் 85-க்கும் இடையில் என்றால் இதுதான் காய் பிடித்து முற்றும் காலம், இலை போனால் காய் போகும். பத்து நாளுக்கு ஒரு முறை, இரண்டு பக்கமும் நனைய எருக்கிலைச் சாறோ வேப்பங்கொட்டைச் சாறோ தெளியுங்கள். பிந்தையதற்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்ட வேண்டும். பருப்பு கிடைக்கவில்லை என்றால் புட்டியில் விற்கும் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, திரவச் சோப்பு சில துளி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இவை எல்லாம் நோயைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஈரத்தைச் சரிசெய்யாமல் இவற்றை மட்டும் நம்பினால் கைவலிதான் மிச்சம்.

விடாத மழை, புள்ளி செடியின் பாதி உயரத்தைத் தாண்டிவிட்டது என்றால் செம்பு கலந்த மருந்துக்குப் போகலாம். போர்டோ கலவை இயற்கை வேளாண்மையிலும் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கப்படுவது. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் சாலையோரத் திராட்சையை யாரும் திருடித் தின்னாதிருக்க நீலச் சுண்ணாம்புக் கலவையை அடித்து வைத்தார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை மில்லார்டே என்னும் தாவரவியல் பேராசிரியர் கவனித்தார், 1885-இல் அதை உலகுக்குச் சொன்னார். ஒரு விழுக்காடு என்றால் 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம் (செம்பு சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். இதெல்லாம் வேண்டாம் என்றால் கடையில் கிடைக்கும் செம்புப் பூஞ்சைக்கொல்லி போதும். ஒரு பருவத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நான் அடிப்பதில்லை. செம்பு மண்ணிலிருந்து போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும், மண்புழுவுக்கு ஆகாது.

எதை வாங்கினாலும் மூடிய பொட்டலம், உற்பத்தியாளர் பெயர், பதிவு எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலேசியாவில் 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு செய்யாததை விற்கக் கூடாது. நான் வாங்கிய பெயரில்லாத் தூள் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரும்பாலும் கடையில் எடுத்துக் கொடுப்பது மான்கோசெப் என்னும் பூஞ்சைக்கொல்லியாக இருக்கும். அதன் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் எனக்கு அது வேண்டாம்.

85 நாளைத் தாண்டிவிட்டது என்றால் தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஒரு செடியைத் தோண்டி நாலைந்து காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்பக்கம் கறுத்திருந்தால் காய் முற்றிவிட்டது. பெரும்பாலான காய் அப்படி இருந்து, இலையும் வேகமாகக் கொட்டினால், ஒரு வாரம் முன்னதாகவே எடுத்துவிடுங்கள். இலை போன செடியில் விழுது வலுவிழந்துவிடும், என் முதல் வருடக் கதைதான்.

கடலை: அடிப்பக்கத்தில் ஆரஞ்சுப் பொடி, இலை காய்ந்தும் கொட்டவில்லை

டிஷ்யூ தாளில் செங்கல் நிறப் பொடி ஒட்டியிருந்தால் அது துரு நோய். அடிப்பக்கத்தில் ஊசிமுனையளவு கொப்புளங்கள் வெடித்துப் பொடி சிந்தும். டிக்கா பிடித்த இலை உதிர்ந்துவிடும், துரு பிடித்த இலை சுருண்டு காய்ந்து செடியிலேயே தொங்கும். தூரத்தில் இருந்து பார்த்தாலே தீய்ந்த மாதிரித் தெரியும். இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தும் வரும், அப்போது கொட்டியதும் இருக்கும், தொங்குவதும் இருக்கும், குழம்பாதீர்கள்.

தெளிப்பு டிக்காவுக்குச் சொன்னதேதான். தடுப்பதில்தான் வித்தியாசம். டிக்கா பழைய சருகில் தங்கும். துருவின் வித்து காய்ந்த சருகில் நீண்ட நாள் உயிரோடிருக்காது, அதற்குப் பச்சைக் கடலைச் செடி வேண்டும். அறுவடையில் தவறி விழுந்த கடலை தானாக முளைத்து வேலியோரம் நிற்குமே, "பாவம், தானா வந்தது, இருக்கட்டும்" என்று விடுவோமே, அதுதான் துருவுக்கு ஒரு பருவத்திலிருந்து அடுத்ததற்குப் பாலம். தயவுதாட்சண்யம் பார்க்காமல் பிடுங்குங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடு கடலை போடுகிறவர்கள் என்றால் பேசிவைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் விதைத்து ஒரே சமயத்தில் எடுங்கள்.

கடலை: இலை நுனியில் "வி" வடிவம்

மஞ்சள் "வி"யா, பழுப்பு "வி"யா? மஞ்சள் என்றால், திருப்பித் தட்டுங்கள். வெளிர்பச்சையில் ஒரு பூச்சி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடினால் அது தத்துப்பூச்சி. பூஞ்சை மருந்து வீண். வேப்பெண்ணெயை அடிப்பக்கத்தில் அடியுங்கள்.

பழுப்பாகக் காய்ந்து, ஓரத்தில் மஞ்சள் கரை கட்டி, கூடவே மிளகுத்தூள் தூவியது போலப் பொடிப் புள்ளியும் இருந்தால் மிளகுப்புள்ளி என்னும் பூஞ்சை. பார்க்கப் பயமாக இருக்கும், விளைச்சலை அவ்வளவாகத் தொடாது. சருகைக் கூட்டி எடுத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

கடலை: மஞ்சள், ஆனால் புள்ளி இல்லை

பூஞ்சை இல்லை. தண்ணீர் தேங்கியிருக்கும், அல்லது மண் புளித்திருக்கும். ஒரு செடியைத் தோண்டி வேர் முடிச்சை நகத்தால் நசுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து வேலை நடக்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வடிகாலைப் பாருங்கள், அடுத்த முறை விதைக்கும் முன் டோலமைட் சுண்ணாம்புத்தூள் போடுங்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் காயும் பொக்காகும். இலையில் கரும்பச்சைக் கோடும் திட்டுமாக இருந்தால் அசுவினி கொண்டுவந்த வைரஸ், பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

கடலை: ஒரு கிளையோ முழுச் செடியோ திடீரென வாடுகிறது

இலையை விட்டுவிட்டுத் தண்டின் அடியைப் பாருங்கள். மண் மட்டத்தில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகு மாதிரிப் பழுப்பு உருண்டைகள் இருந்தால் தண்டழுகல். அந்த உருண்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் காத்திருக்கும். செடியோடு சுற்றியுள்ள மண்ணையும் ஒரு கரண்டி சேர்த்து அள்ளி வெளியேற்றுங்கள். ட்ரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சை உதவுவது இங்கேதான். விதைக்கும் முன் கிலோவுக்கு 4 கிராம் விதையில் பூசுவது, நன்கு மக்கிய எருவில் கலந்து பாத்தியில் இடுவது இரண்டும் செய்யலாம். டிக்காவுக்கு இலையில் ட்ரைக்கோடெர்மா அடித்தால் போதும் என்று இணையத்தில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அது மண்ணில் வேலை செய்யும் ஆள்.

எள்

இங்கே எள் போடுகிறவர்கள் குறைவு, ஆனால் புரட்டாசி சனிக்கிழமைக்காக ஆசைப்பட்டு நாலு தொட்டியில் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் எதிரி தேங்கும் தண்ணீர். ஓரிரு நாள் வேர் முழுகினாலே எள் வாடிவிடும், அதை நோய் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள்.

பழுப்புப் புள்ளியில் வில்வித்தைப் பலகை மாதிரி வட்டத்துக்குள் வட்டம் தெரிந்தால் ஆல்டர்னேரியா என்னும் பூஞ்சை. தண்டிலும் காயிலும்கூடப் பழுப்புக் கீறல் வரும், விதையோடு அடுத்த பருவத்துக்கும் போகும், ஆகவே அந்தச் செடியின் விதையை எடுத்து வைக்காதீர்கள். நரம்புகளுக்கு நடுவே சின்னதாகக் கோணல்மாணலாக இருந்தால் செர்கோஸ்போரா என்னும் வேறொரு பூஞ்சை. இரண்டுக்கும் கடலைக்குச் சொன்ன ஈர வைத்தியமும் செடி நெருக்கத்தைக் குறைப்பதும்தான்.

பூக்க வேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து வருகிறதா? ஓர் அக்கா அதைப் புது ரகம் என்றே நினைத்து எனக்குப் படம் அனுப்பினார். பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் அது, தத்துப்பூச்சி மூலம் பரவும். பூஞ்சை மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றே பிடுங்குங்கள்.

சூரியகாந்தி

கருப்புப் புள்ளி, மஞ்சள் கரை, நடுவில் வளையங்கள், இலைக்காம்பிலும் தண்டிலும் கருங்கோடு என்றால் ஆல்டர்னேரியா இலைக்கருகல். மழைக்காலத்தில் விதைத்தால் இங்கே இதிலிருந்து தப்புவது கடினம். அடியிலைகளைக் கழித்துவிட்டுக் காற்று விடுங்கள், விதையை மாற்றுங்கள். செம்பழுப்புப் பொடி என்றால் துரு.

வெள்ளை மாவு தூவியது போல இருந்தால், மாவு மேல்பக்கமா அடிப்பக்கமா? மேல்பக்கம் என்றால் சாம்பல் நோய். இது மற்றவற்றுக்கு நேர் எதிர்: இலையில் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை, மழை அதைக் கழுவிக்கூடப் போகும். அதனால்தான் அடுக்குமாடி பால்கனியில், கூரைக்கு அடியில் இருக்கும் செடிக்கு வருகிறது, வெளியே நனைகிற செடி தப்பிவிடுகிறது. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெயிலேறும் காலையில் வாரம் ஒரு முறை தெளியுங்கள். இது பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை, பிரேசிலில் சீமைச் சுரைக்காய்ச் செடிகளில் சோதித்து 1999-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. சமையல் சோடா என்றால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதற்கு மேல் போனால் இலை ஓரம் தீயும்.

அடிப்பக்கம் வெண்மை, மேலே நரம்பையொட்டி மஞ்சள், செடி குட்டையாக நின்றுவிட்டது என்றால் அடிச்சாம்பல். முளையிலேயே உள்ளே புகுந்தது அது. பாலும் சோடாவும் ஒன்றும் செய்யாது, பிடுங்கிவிடுங்கள்.

தென்னை

தென்னையும் எண்ணெய்ப் பயிர்தானே, அதனால் இரண்டு வரி. முதிர்ந்த மட்டையின் கீற்றை வெயிலுக்கு நேரே பிடியுங்கள். ஆரஞ்சுப் புள்ளி வழியே ஒளி ஊடுருவுகிறதா? அது பெரும்பாலும் சாம்பல்சத்துக் குறைவு, பொட்டாஷ் கேட்கிறது. நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புக் கரையுமாகச் செத்த புள்ளி என்றால் இலைக்கருகல் நோய். அதுவும் பொட்டாஷ் குறைந்த மரத்தில்தான் அதிகம் ஏறும். மோசமான அடிமட்டைகளை மட்டும் வெட்டுங்கள். எல்லாவற்றையும் மழித்துவிட்டு மரத்தைக் குடை இல்லாத கம்பாக்காதீர்கள்.

தெளித்தும் கேட்கவில்லை

தொழிற்சாலையில் உதிரிபாகத்தை மாற்றியும் இயந்திரம் ஓடவில்லை என்றால் மாட்டிய கையைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். தெளித்த இரண்டு மணி நேரத்துக்குள் மழை பெய்ததா? இங்கே மதியத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது, ஆகவே எருக்கு, வேப்பங்கொட்டைச் சாறுகளைக் காலை எட்டு ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவேன். வேப்பெண்ணெயை மட்டும் மழை இல்லாத நாளாகப் பார்த்து வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பேன்; காலையில் அடித்தால் உச்சி வெயிலில் இலையைப் பொசுக்கும். தெளிப்பான் குழாயின் முனையை மேல்நோக்கி வளைத்து அடிப்பக்கம் நனைத்தீர்களா? சோப்பு அதிகமானதா? பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாக ஊற்றியவர்களின் செடியில் நோய்க்கு முன்பே சோப்பு இலையைக் கருக்கியிருக்கும். போன வாரம் செம்பு அடித்துவிட்டு இந்த வாரம் ட்ரைக்கோடெர்மா ஊற்றினீர்களா? பின்னதும் பூஞ்சைதான், முன்னது பூஞ்சையைக் கொல்வது, கணக்கு நேராகிவிடும். கந்தகம் அடித்திருந்தால், வேப்பெண்ணெய்க்கும் அதற்கும் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

அடுத்த விதைப்புக்கு முன்

கழித்த இலையையும் பிடுங்கிய கொடியையும் எரிக்காதீர்கள், திறந்தவெளியில் எரிப்பது இந்த நாட்டில் குற்றம். நன்றாகச் சூடேறும் பெரிய மக்குக்குழி இருந்தால் அதில் போடலாம். வீட்டு மக்குத்தொட்டி அந்த அளவு சூடாகாது, அதனால் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், அல்லது பாத்தியிலிருந்து தள்ளி ஒரு முழ ஆழத்தில் புதையுங்கள். அதே பாத்தியில் அடுத்த தடவை கடலை வேண்டாம், சோளமோ கீரையோ போடுங்கள். கடலை மூன்று வரிசைக்குக் கம்பு அல்லது சோளம் ஒரு வரிசை என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரை. இங்கே கம்பு கிடைக்காததால் நான் காற்று வரும் பக்கத்தில் மட்டும் மக்காச்சோளம் இரண்டு வரிசை வைக்கிறேன். நடுவில் வைத்தபோது நிழலும் ஈரமும் கூடிப்போனது.

விதைக்கும் நாளை நான் கோயில் காலண்டரில்தான் பார்க்கிறேன். தீபாவளிச் சமயம் பினாங்கில் நல்ல மழை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவர்களுக்குத் தெரியும், கால் சுடும். கார்த்திகை தீபத்தையொட்டி விதைத்தால் காய் பிடிக்கும் காலம் அந்த வெயிலில் கழியும், சித்திரை மழை திரும்புமுன், பங்குனி உத்திரத்தையொட்டிக் கடலை கைக்கு வந்துவிடும். ஒரு பயிர்தான் கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு எடுக்க ஆசைப்பட்ட வருடங்களில் இரண்டாவது பயிரை டிக்காதான் எடுத்தது.

விதைக்கு, லிட்டில் இந்தியாவில் வறுக்காத, ஓட்டோடு உள்ள கடலையாகப் பார்த்து வாங்குங்கள். சுருங்கியது, பூஞ்சணம் பூத்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அதைத் தின்னவும் கூடாது. மீதியில் பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி நாலைந்து நாள் வையுங்கள். எட்டுக்குக் குறையாமல் முளைத்தால் பாத்திக்குப் போகலாம். அதற்குக் குறைந்தால் அந்தப் பையில் மிச்சமிருக்கும் நல்ல பருப்பெல்லாம் சட்டினிக்கு.